மகன் பெயர் இல்லாத உயில்

1934 அக்டோபர் 22 அன்று மெக்சிகோவில் ஜேம்ஸ் நத்தேனியல் ஹியூஸ் என்ற கறுப்பர் இறந்தார். அமெரிக்காவை விட்டுப் போய் சுமார் 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. போன இடத்தில் சொத்து சேர்த்திருந்தார். கடைசிக் காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட மூன்று சகோதரிகளுக்கு அத்தனையையும் உயில் எழுதி வைத்துவிட்டார். அவருக்கு ஒரு மகன் இருந்தார். உயிலில் அந்த மகனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

மகனின் பெயர் லாங்ஸ்டன் ஹியூஸ்.

தோழர்களே, ஹியூஸை நமக்குத் தெரியும். கூட்டங்களில் அவருடைய கவிதையை மொழிபெயர்த்து வாசிக்கிறோம். துண்டறிக்கையில் போடுகிறோம். ஹார்லெமின் கவிஞர், கறுப்பு மக்களின் குரல் என்று அறிமுகம் செய்கிறோம். ஆனால் அந்தக் கவிஞர் ஏன் தன் மக்களை அவ்வளவு பிடிவாதமாக நேசித்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பதில் அவருடைய அப்பாவிடம் போய் நிற்கும். தன் மக்களை வெறுத்த ஓர் அப்பா அவர். அப்பாவோடு பேசித் தீர்க்க முடியாததை மகன் கவிதையில் எழுதினார், நாடகத்தில் எழுதினார். கடைசியில், அப்பா இறந்து 21 ஆண்டுகள் கழித்து, ராய் டிகராவா என்ற புகைப்படக் கலைஞரின் படங்களுக்குள் எழுதினார். இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

முதலில் அப்பா.

ஜேம்ஸ் ஹியூஸ் சட்டம் படித்தவர். ஓக்லஹோமாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதப் போனபோது கறுப்பர் என்பதற்காக அவரைத் தேர்வு எழுதவே விடவில்லை. தேர்வில் தோற்றிருந்தால் மறுபடி படித்திருக்கலாம். அறைக்குள்ளேயே நுழைய முடியாதவர் என்ன செய்ய முடியும்? சிலர் அந்தக் கதவின் முன்னால் நின்று சண்டை போடுவார்கள். சிலர் குடிக்கப் போவார்கள். ஜேம்ஸ் நாட்டை விட்டே போனார். முதலில் கியூபா, பிறகு மெக்சிகோ. அங்கே நிறத்தடை இல்லை. வழக்கறிஞராகவும் ஆனார், டொலூகா நகரில் ஒரு மின்சார நிறுவனத்தில் பொறுப்பிலும் இருந்தார், பண்ணையும் வாங்கினார்.

இதுவரை கேட்டால் வெற்றிக் கதைதான். நாமே இதை ஒரு பாராட்டு விழாவில் சொல்வோம். விழாவில் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. தன்னை உள்ளே விடாத வெள்ளையர்மேல் வர வேண்டிய கோபம் அவருக்குத் தன் சொந்த மக்கள்மேல் வந்தது. அமெரிக்காவிலேயே இருந்து சமையல் வேலையும் சுமை தூக்கும் வேலையும் செய்துகொண்டிருந்த கறுப்பர்கள் முட்டாள்கள் என்று நினைத்தார். மெக்சிகோவின் ஏழைகளையும் அதே கண்ணால்தான் பார்த்தார். ஏழ்மை சோம்பேறித்தனத்தின் பலன் என்பது அவர் சித்தாந்தம். எதையும் சீக்கிரம் செய், கணக்குப் பார், பணம் சேர், தப்பித்துப் போ. மகனுக்கு அவர் கொடுத்த உபதேசம் இவ்வளவுதான்.

இந்த மனிதரை நமக்குத் தெரியாதா? நம் ஊர்களில் இவர் வேறு பெயரில் இருக்கிறார். படித்து, வேலை வாங்கி, நகருக்குக் குடிபோய், வீட்டில் அம்பேத்கர் படத்தை உள் அறைக்கு மாற்றியவர். சேரியில் இழவு விழுந்தால் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மாலை போட்டுவிட்டு உடனே திரும்புகிறவர். “நம்ம ஆளுங்க திருந்த மாட்டாங்க” என்று முதலில் சொல்கிறவர் பெரும்பாலும் அவர்தான். அவரைத் திட்டுவது எளிது. அவரை அப்படி ஆக்கிய கதவு எது என்று பார்ப்பதுதான் கடினம்.

ஜேம்ஸ் போனபோது லாங்ஸ்டன் கைக்குழந்தை. அம்மா கேரி வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். குழந்தையைக் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பாட்டி மேரி லாங்ஸ்டன் வளர்த்தார். இந்தப் பாட்டியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். அவருடைய முதல் கணவர் லூயிஸ் ஷெரிடன் லியரி 1859இல் ஜான் பிரவுனோடு ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கப் போய் உயிரைக் கொடுத்தவர். குண்டு துளைத்த அவருடைய சால்வை பாட்டியிடம் இருந்தது. அதைத்தான் இரவில் பேரன்மேல் போர்த்துவார். பாட்டியின் கதைகளில் யாரும் அழ மாட்டார்கள். வேலை செய்வார்கள், திட்டம் போடுவார்கள், சண்டை போடுவார்கள். 1915இல் பாட்டி இறந்தபோது தானும் அழவில்லை என்று ஹியூஸ் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். ஒரு வீட்டில் போராளியின் சால்வை, இன்னொரு நாட்டில் தப்பித்துப்போன அப்பா. பிள்ளை இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தான்.

அப்பாவைப் பற்றிய அவருடைய முதல் நினைவு ஒரு நிலநடுக்கம். 1907 ஏப்ரலில், சேர்ந்து வாழ்ந்து பார்க்கலாம் என்று அம்மாவும் பாட்டியும் பிள்ளையை மெக்சிகோ நகருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அப்போது பூமி ஆடியது. அப்பா தன்னைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியது ஹியூஸுக்கு நினைவிருந்தது. பயந்துபோன அம்மா பிள்ளையோடு அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு 12 ஆண்டுகள் அப்பாவின் முகமே கிடையாது. பிள்ளையின் மனதில் அவர் கறுப்பரைத் துன்புறுத்தாத நாட்டில் தலைநிமிர்ந்து வாழும் வீரர்.

1919 கோடையில் அப்பா வந்து அவரை டொலூகாவுக்கு அழைத்துப் போனார். வீரர் நேரில் எப்படி இருந்தார் என்று அந்தக் கோடையில் தெரிந்தது. கணக்கெழுதக் கற்றுக்கொடுத்தார், மெதுவாக எழுதினால் திட்டினார். வேலைக்காரர்களைப் பற்றியும் கறுப்பர்களைப் பற்றியும் அவர் பேசியதைக் கேட்டு மகனுக்கு வயிறு புரண்டது. சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே நோய்வாய்ப்பட்டு மெக்சிகோ நகரில் மருத்துவமனையில் கிடந்தார். மருத்துவர்கள் காரணம் தேடினார்கள். காரணம் அப்பாமேல் வந்த வெறுப்பு என்பது மகனுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. மருத்துவமனைச் செலவு அப்பாவின் பணம் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததாக எழுதியிருக்கிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த வயதில் அப்பாவோடு சண்டை போட்டவர்களுக்கு அது புரியும்.

மறு ஆண்டு, 1920 ஜூலையில், கல்லூரிக்குப் பணம் கேட்க மறுபடி அப்பாவிடம் ரயிலில் போகிறார். செயின்ட் லூயிஸ் அருகே, பொழுது சாயும் நேரத்தில் ரயில் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறது. அப்பா ஏன் தன் மக்களை இப்படி வெறுக்கிறார் என்ற யோசனையிலேயே இருந்தவர், அடிமைகள் இந்த ஆற்றின் வழியே விற்கப்பட்டதை நினைக்கிறார். பையிலிருந்த ஓர் உறையின் பின்பக்கத்தில் ஒரு கவிதை எழுதுகிறார். ஆறுகளைப் பற்றிய அந்தக் கவிதை 1921 ஜூனில் டு பாய்ஸ் நடத்திய ‘தி க்ரைசிஸ்’ இதழில் வந்தது. நாம் கூட்டங்களில் வாசிப்பது இதைத்தான். அப்பாவிடம் போகும் வழியில், அப்பாவுக்கு எதிராக எழுதப்பட்ட கவிதை என்று யாரும் முன்னுரையில் சொல்வதில்லை.

அச்சில் வந்த எழுத்தை அப்பாவிடம் காட்டினார். எழுத எவ்வளவு நேரம் ஆனது, பணம் கொடுத்தார்களா என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு மகன் ஐரோப்பாவில் சுரங்கப் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆசை. கடைசியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஒத்துக்கொண்டார்.

1921இல் ஹியூஸ் அங்கே போய் ஹார்ட்லி ஹால் விடுதியில் அறை கேட்டபோது, வந்திருப்பவர் கறுப்பர் என்று தெரிந்ததும் இழுத்தடித்தார்கள். அதே ஹார்ட்லி ஹாலில்தான், அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன், 1913இல், பரோடா உதவித்தொகையில் வந்து இறங்கிய நம் அம்பேத்கர் முதல் சில நாள் தங்கினார். அவர் கப்பல் ஏறுவதற்கு சில மாதங்களுக்கு முன்புதான், 1913 பிப்ரவரி 2 அன்று, அப்பா ராம்ஜி சக்பால் இறந்திருந்தார். மகன் கேட்ட புத்தகத்துக்காக, கட்டிக்கொடுத்த மகள்களிடம் நகையை வாங்கி அடகு வைத்த அப்பா அவர். ராம்ஜிக்கும் கதவு மூடித்தான் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியபோது அதை எதிர்த்து மனுப் போட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரே மாதிரி அடி ஓர் அப்பாவை ஒரு பக்கமும் இன்னோர் அப்பாவை வேறு பக்கமும் தள்ளுகிறது. ஏன் என்பதற்குச் சுலபமான விடை என்னிடம் இல்லை. ராம்ஜியைச் சுற்றி கபீர் பந்த் இருந்தது, படைவீரர்களின் கூட்டம் இருந்தது. ஜேம்ஸ் தனி ஆளாகப் போனார். தனியாகத் தப்பித்தவருக்குத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹியூஸ் கொலம்பியாவில் ஓராண்டுதான் இருந்தார். வகுப்பைவிட ஹார்லெம் தெருக்கள் பிடித்திருந்தன. இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு 1922இல் வெளியேறினார். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது தன் புத்தகங்களை எல்லாம் கடலில் வீசினார். 1921க்குப் பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. 13 ஆண்டுகள் கழித்து வந்தது மரணச் செய்தி.

செய்தி வந்தபோது அவர் நெவாடா மாநிலத்தில் ரினோ நகரில் இருந்தார். மெக்சிகோவுக்குப் போனார். பாட்டினோ சகோதரிகள் மூவரும் நல்லவர்கள். உயிலில் இல்லாவிட்டாலும் நீயும் பிள்ளைதானே, பங்கு வாங்கிக்கொள் என்று வற்புறுத்தினார்கள். அவர் சொத்தை ஏற்காமல், வங்கிப் பணத்தில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டார். உடனே திரும்பியிருக்கலாம். ஆனால் பல மாதங்கள் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டார்.

அந்த மாதங்களில் அவர் புகைப்படக்காரர்களோடு வாழ்ந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லாகுனில்லா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு எளிய குடியிருப்பு. உடன் தங்கியவர்கள் மெக்சிகோ கவிஞர் ஆந்த்ரேஸ் எனெஸ்த்ரோசாவும், 26 வயது பிரெஞ்சு இளைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோனும். பிரெஸ்ஸோன் அப்போது பெரிய பெயர் இல்லை. வந்த ஆய்வுக்குழு கலைந்துபோக, காசில்லாமல் தங்கிவிட்டவர். அவர் பணக்கார நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, குடும்பத் தொழிலுக்கு வரச்சொன்ன அப்பாவுக்கு இணங்காதவர். ஆக ஒரே வீட்டில், அப்பாவின் கணக்குப் புத்தகத்தை வேண்டாம் என்று சொன்ன இரண்டு பிள்ளைகள். ஒருவர் வெள்ளையர், அவருக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி எப்போதும் திறந்திருந்தது. மற்றவருக்கு உயிலிலேயே இடம் இல்லை. இந்த வேறுபாட்டை மறக்காமல் இருப்போம்.

1935 மார்ச்சில் பெல்லாஸ் ஆர்த்தெஸ் மாளிகையில் பிரெஸ்ஸோனும் மெக்சிகோவின் மனுவேல் ஆல்வரெஸ் பிராவோவும் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். பிராவோ அதற்கு முந்தைய ஆண்டுதான், வேலைநிறுத்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளி ரத்தத்தில் கிடக்கும் படத்தை எடுத்திருந்தார். அந்தக் கண்காட்சிக்குச் சிறு குறிப்பு எழுதிக் கொடுத்தவர் ஹியூஸ். ஒரு படம் வெறும் படமாக நின்றுவிடாமல் எப்படி அதற்கு மேலும் போகிறது என்பதுதான் குறிப்பின் பொருள். அப்பாவின் சாவுக்கு வந்த இடத்தில், அப்பாவைப் பற்றி அல்லாமல் சுவரையும் வெயிலையும் நிழலையும் பற்றி எழுதினார். துக்கம் சில சமயம் அப்படித்தான். நேராகப் பார்க்க முடியாததைப் பக்கவாட்டில் பார்க்கும்.

நேராகப் பார்த்த இடமும் உண்டு. அப்பா இறந்து ஓர் ஆண்டும் இரண்டு நாளும் ஆனபோது, 1935 அக்டோபர் 24 அன்று, அவருடைய ‘முலாட்டோ’ நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. நாடகத்தை எழுதியது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. ஜார்ஜியாவில் ஒரு வெள்ளைப் பண்ணையார், அவருக்கும் கறுப்புப் பெண்ணுக்கும் பிறந்த மகன் ராபர்ட். தான் இந்த வீட்டுப் பிள்ளை, முன்வாசல் வழியாகத்தான் வருவேன், போவேன் என்கிறான். பண்ணையார் ஒத்துக்கொள்ளவில்லை. மகன் அப்பனைக் கொல்கிறான். கும்பல் துரத்துகிறது, அவனும் சாகிறான். முன்வாசல் யாருக்கு, பின்வாசல் யாருக்கு என்பது நமக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி. தயாரிப்பாளர் பரபரப்புக்காக அதில் தன் இஷ்டத்துக்குக் காட்சி சேர்த்தார் என்பது ஹியூஸின் வருத்தம். இருந்தும் 373 முறை மேடையேறியது.

ஹியூஸின் உண்மையான அப்பா கறுப்பர். ஆனால் அவர் படைப்புகளில் மகனை ஏற்காத அப்பா வெள்ளைப் பண்ணையார். 1934இல் வந்த கதைத் தொகுப்பில் இதே கருவில் ‘தந்தையும் மகனும்’ என்றே ஒரு கதை உண்டு. இது சும்மா நேர்ந்த மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஜேம்ஸ் ஹியூஸ் தன் மக்களைப் பார்த்த கண் பண்ணையாரின் கண். தோல் தன்னுடையது, கண் இரவல். மகன் அந்தக் கண்ணின் உண்மையான சொந்தக்காரனை மேடையில் நிறுத்தினார். இது என் வாசிப்பு. நீங்கள் மறுக்கலாம்.

இனி 1955க்கு வருவோம்.

ராய் டிகராவா 1919இல் ஹார்லெமில் பிறந்தவர். ஜமைக்காவிலிருந்து வந்த அம்மா எல்ஃப்ரீடா தனியாக வளர்த்த பிள்ளை. அவர் வாழ்விலும் அப்பாவின் இடம் காலி. ஓவியம் படித்தார். கூப்பர் யூனியன் கல்லூரியில் நிறவெறி தாங்காமல் பாதியில் விட்டு, ஹார்லெம் சமூகக் கலை மையத்துக்கு வந்தார். ஓவியத்துக்குக் குறிப்பெடுக்கக் கேமராவைத் தூக்கியவர் பிறகு அதையே பிடித்துக்கொண்டார். 1952இல் அவருக்கு குகன்ஹெய்ம் உதவித்தொகை கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்புப் புகைப்படக் கலைஞர் அவர். தொகை 3,200 டாலர். ஓராண்டு வேலையை விட்டுவிட்டு ஹார்லெமை எடுத்தார். அவருடைய விண்ணப்பத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: தான் எடுக்கப்போவது சமூகவியல் ஆவணம் அல்ல, கலை.

மாணவத் தோழர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு ஹார்லெம் என்றால் பத்திரிகைகளுக்குக் குற்றம், வறுமை, கலவரம். கேமரா வரும், ஃபிளாஷ் அடிக்கும், போய்விடும். டிகராவா ஃபிளாஷ் போட மாட்டார். சமையலறையில் ஒரு பல்பு எரிந்தால் அந்த ஒளி போதும். படம் இருட்டாகத்தான் வரும். அந்த இருட்டை அவர் இருட்டறையில் பொறுமையாகக் கழுவி எடுப்பார். கறுப்பு ஒரே கட்டியாக நிற்காது, அதற்குள் பல சாம்பல் படிகள் தெரியும். கறுப்பு முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் காட்டும் வழக்கத்துக்கு அவர் உடன்படவில்லை. கண் பழகும் வரை நீ நின்று பார் என்று அவர் படம் நம்மிடம் கேட்கிறது. ‘நடைகூடம்’ என்று 1953இல் எடுத்த ஒரு படம் இருக்கிறது. ஏழைகள் வாழும் அடுக்குக் கட்டடத்தின் குறுகிய வழி, ஆளே இல்லை, மேலே மங்கலாக ஒரு விளக்கு. அவ்வளவுதான். பிள்ளைப் பருவத்தில் அப்படிப்பட்ட வழியில் நடந்தவர் எடுத்த படம் என்பது பார்த்தாலே தெரியும்.

படங்களை வாங்குவார் இல்லை. 1954இல் அவற்றை ஹியூஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஹியூஸ் மயங்கிப்போனார், பதிப்பகங்களுக்கு எடுத்துக்கொண்டு அலைந்தார். அழகுதான், விற்காது என்றார்கள். ஹியூஸ் கதை எழுதிக் கொடுத்தால் போடுகிறோம் என்று சைமன் அண்ட் ஷூஸ்டர் சொன்னது. தேர்வும் வரிசையும் உங்கள் விருப்பம் என்று டிகராவா விட்டுவிட்டார். சுமார் 140 படங்களோடு, கைக்கு அடக்கமான சிறு புத்தகமாக 1955இல் வெளிவந்தது ‘தி ஸ்வீட் ஃப்ளைபேப்பர் ஆஃப் லைஃப்’. தித்திப்பு தடவிய ஈ ஒட்டும் தாள்தான் வாழ்க்கை, கால் ஒட்டிக்கொண்டது, விட மனமில்லை என்பது தலைப்பின் பொருள். கதை அட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

கதை சொல்பவர் சிஸ்டர் மேரி பிராட்லி என்ற ஹார்லெம் பாட்டி. ஆண்டவனிடமிருந்து தந்தி வருகிறது, புறப்பட்டு வா என்று. பாட்டி கையெழுத்துப் போட்டு வாங்க மறுக்கிறார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது, அது எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் எப்படிப் போவது என்பது பாட்டியின் நியாயம். சாவை வாசலில் காக்க வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

அந்தப் பேரப்பிள்ளைகளில் பாட்டிக்கு அதிகக் கவலை ராட்னியைப் பற்றி. பெற்றோர் கைகழுவி வெளியே தள்ளிய பையன். அப்பன் முகமும் அம்மா முகமும் அப்படியே அவனிடம் இருக்க, எப்படி மனது வந்தது என்று பாட்டி ஆற்றாமைப்படுகிறார். அவனைத் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறார். இன்னொரு பக்கம், மகள் மெலிண்டாவின் கணவர் ஜெர்ரி வருகிறார். குறையில்லாதவர் அல்ல, ஆனால் வீட்டுக்கு வந்தால் குழந்தைகள் மேலே ஏறி விளையாடுகிற அப்பா. ஒரு கறுப்பு ஆண், வேலை முடிந்து வந்து, மங்கலான சமையலறையில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் படங்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் அன்று இல்லாத படங்கள்.

பாட்டியின் பெயர் மேரி. ஹியூஸை வளர்த்த பாட்டியின் பெயரும் மேரி. அப்பா கைவிட்ட பேரனை வளர்த்தெடுக்கும் பாட்டி. ஹியூஸ் இதைப் பற்றி விளக்கம் தர வேண்டிய தேவையே இல்லை. தன் துக்கத்தைத் தன் பெயரில் சொல்லாமல், வேறொருவர் எடுத்த படங்களில் இருந்த அறிமுகமில்லாத முகங்களுக்குச் சொந்த பந்தம் கற்பித்துச் சொன்னார். படத்தில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள், ஆனால் ஒரே குடும்பத்தினர் அல்ல. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. உயிரோடு இருப்பவர் முகத்துக்குக் கற்பனைக் கதை கட்டலாமா? இன்று நம் தோழர் யாராவது சேரியில் படம் எடுத்து இப்படிச் செய்தால் நான் கட்டாயம் கேள்வி கேட்பேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அடிமை ஏலத்தில் அப்பா ஓர் ஊருக்கும் பிள்ளை ஓர் ஊருக்கும் விற்கப்பட்ட மக்களின் வரலாற்றில், உறவு பெரும்பாலும் இப்படிச் சேர்த்துக் கட்டியதுதான். கவிஞர் புத்தகத்தில் செய்ததை மக்கள் ஏற்கனவே தெருவில் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த 1955ஆம் ஆண்டையும் மறக்க முடியாது. ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். மோதிரத்தில் பொறித்திருந்தது அவன் அப்பா லூயிஸ் டில்லின் பெயரெழுத்துகள். பையன் அப்பாவோடு வாழ்ந்தவன் அல்ல. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், அப்பா ராணுவத்தில் சேர்ந்து 1945இல் இத்தாலியில் அமெரிக்க ராணுவத்தாலேயே தூக்கிலிடப்பட்டவர். இருந்தபோது உதவாத அப்பாவின் மோதிரம் பிள்ளையின் பிணத்தை அம்மாவிடம் சேர்த்தது. அம்மா மேமி டில் சவப்பெட்டியைத் திறந்து வைத்தார். ‘ஜெட்’ இதழில் வந்த படம் ஒரு தலைமுறையையே போராட்டத்துக்குத் தள்ளியது. ஹியூஸ் அந்தச் சிறுவன் நினைவாகவும் கவிதை எழுதினார்.

அதே ஆண்டில் இன்னொரு ஹார்லெம் பிள்ளை, ஜேம்ஸ் பால்ட்வின், தன்னை வளர்த்த தந்தையின் சாவைப் பற்றிய கட்டுரையோடு ஒரு நூல் வெளியிட்டார். 1943 ஆகஸ்ட் 2 அன்று இறுதிச் சடங்கு. அன்று பால்ட்வினுக்கு 19 வயது நிறைந்தது. முந்தைய இரவு ஹார்லெம் பற்றியெரிந்திருந்தது. ஹியூஸ் ஒளித்துச் சொன்னதை பால்ட்வின் வெளிப்படையாகச் சொன்னார். இருவருக்கும் ஒருவர் எழுத்து ஒருவருக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்பது தனிக் கதை.

மேமி டில் வெளியிடச் சொன்ன படமும் டிகராவாவின் சமையலறைப் படமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. இரண்டும் தேவைப்பட்டன. நம்மிடம் முதல் வகை நிறைய இருக்கிறது. எரிந்த குடிசை, வெட்டுப்பட்ட உடல், மருத்துவமனை வாசலில் தலையில் அடித்துக்கொள்ளும் அம்மா. அவற்றை எடுத்த தோழர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்தார்கள், வழக்குகளுக்குச் சாட்சியாகின. ஆனால் இரவு வேலை முடிந்து வந்த நம் அப்பா, 40 வாட் பல்பின் அடியில், எதுவும் பேசாமல் சோறு பிசைந்துகொண்டிருக்கும் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது? நம் அப்பாக்களின் படம் என்றால் ரேஷன் அட்டையில், வாக்காளர் அடையாள அட்டையில், பிறகு மாலை போட்ட சட்டத்தில். அரசியல் பேசாதே, படி, வேலைக்குப் போ என்று சொல்லி நம்மோடு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும் அப்பாவையும் யாராவது எடுக்க வேண்டும். அவர் எந்தக் கதவின் முன்னால் எத்தனை வயதில் நின்றார் என்பதை அவர் சொல்ல மாட்டார். கை சொல்லும், தோள் சொல்லும்.

டிகராவா பிறகும் அந்த வழியிலேயே போனார். 1955இல் தன் வீட்டிலேயே ஒரு சிறு புகைப்படக் கூடம் திறந்தார், இரண்டு ஆண்டுகள் நடந்தது. 1963இல் கறுப்புப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கமோய்ங்கே குழுவுக்கு முதல் தலைவராக இருந்தார். 1975 முதல் ஹண்டர் கல்லூரியில் பாடம் எடுத்தார். 2009இல் இறந்தார்.

ஹியூஸ் 1967 மே 22 அன்று இறந்தார். அவருடைய சாம்பலை 1991 பிப்ரவரியில் ஹார்லெமின் ஷோம்பர்க் ஆய்வு மையத்தில், தரைக்கு அடியில் வைத்தார்கள். மேலே வட்டமாக ஒரு தரை ஓவியம். அதன் பெயர் ‘ஆறுகள்’. 1920இல் அப்பாவிடம் போகும் ரயிலில் உறையின் முதுகில் எழுதிய கவிதையின் நினைவாக வைத்த பெயர். திறப்பு நாளில் செஸ்டர் ஹிக்கின்ஸ் என்ற கறுப்புப் புகைப்படக் கலைஞர் ஒரு படம் எடுத்தார். மாயா ஏஞ்சலோவும் அமிரி பராகாவும் கூட்டத்தின் நடுவில், அந்தச் சாம்பலின் மேல், கைகோத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.